பாடத் தெரிவுப் படிவம் வந்தது, தெரிவு வரவில்லை: உங்களுக்குப் படிக்கக் கிடைக்காத பாடம் எது?

பாலைப்பழம் | மாங்குளம் | ஞாயிறு இரவு 8.10

மகள் வருகிற ஆண்டு தரம் 10க்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை பாடத் தெரிவுப் படிவம் கொண்டுவந்தாள். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்ச மூன்றை மூன்று தொகுதிகளில் இருந்து பிள்ளை தெரிய வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன. முதலாவதில் குடியியற் கல்வி, இரண்டாவதில் சித்திரம், மூன்றாவதில் விவசாயம். மூன்றுக்கும் பக்கத்தில் ஏற்கெனவே சரி போட்டுப் போட்டோகொப்பி எடுத்திருந்தார்கள். பெற்றோர் கையெழுத்துக்கு மட்டும் இடம் வெறுமையாக இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நான் படித்த காலத்திலும் இதே கதை. எனக்கு நாடகமும் அரங்கியலும் படிக்க ஆசை. அம்மப்பா முல்லைமோடி என்ற கூத்துப் பாணியில் கோவலன் கூத்து ஆடியவர். வேலி அடைக்கும்போதுகூடப் பாட்டு நிற்காது. கதியாலை நடும் குத்து ஒவ்வொன்றும் தாளத்தோடு விழும். பள்ளிக்கூடத்தில் நாடகத்துக்கு ஆள் இல்லை என்று என்னைச் சித்திரத்தில் விட்டார்கள். சித்திரத்துக்கும் ஆள் இல்லை, சமயபாட ரீச்சர்தான் பார்த்துக்கொண்டார். இரண்டு வருசமும் ஒரே செம்பையும் ஒரு மாம்பழத்தையும் வரைந்தோம். மாம்பழ சீசன் இல்லாத நாட்களில் தேசிக்காய்.

மகளுக்கு ஊடகக் கற்கை படிக்க ஆசை. போனில் அம்மம்மாவைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பின்னால் குரலும் கொடுத்து வைத்திருக்கிறாள். ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்று மூன்றாம் தொகுதியில் ஒரு பாடம் இருக்கிறது என்று அவளே இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள்.

உங்கள் கதைகளை எழுதுங்கள். என்ன படிக்க ஆசைப்பட்டீர்கள், என்ன கிடைத்தது?

முறிகண்டியான் | ஞாயிறு இரவு 8.32

உங்களுக்குச் சித்திரமாவது இருந்தது அக்கா. எங்களுக்கு அந்தப் பாடவேளையில் மைதானத்தில் புல்லுப் பிடுங்கல். இன்றைக்கும் நல்லாப் பிடுங்குவேன்.

லாண்ட்மாஸ்டர் | விசுவமடு | ஞாயிறு இரவு 9.05

நான் 2014 ஏ.எல். (உயர்தரம்). தொழினுட்பப் பிரிவை 2013இல் தொடங்கினார்கள், முதல் சோதனை 2015இல். ஒரு வருசத்தில் தப்பிப் போனது. என் பள்ளிக்கூடத்தில் அதுவும் வந்திருக்காது, அது வேறு கதை. நான் எடுத்தது தமிழ், இந்து நாகரிகம், புவியியல். வகுப்பில் எல்லாருக்கும் அதே மூன்றுதான். ஏனென்றால் அந்த மூன்றுக்கும்தான் ஆள் இருந்தது.

ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை எஞ்சினுக்குள்தான். பெரியப்பாவிடம் ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெசின், இருந்தது. டீசல் முழுக்க முடிந்து பிறகு ஊற்றினால் ஸ்டார்ட் வராது. அப்போது பம்பில் இருந்து இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று இளக்கி, கைபிடியால் சுற்ற வேண்டும். முதலில் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் நட்டை இறுக்கினால் அடுத்த சுற்றில் ஸ்டார்ட். பத்து வயதில் இது எனக்குத் தெரியும். ஏன் அப்படி என்று எனக்கும் தெரியாது, பெரியப்பாவுக்கும் தெரியாது. ‘காத்துப் பிடிச்சிட்டுது’ என்பார், அவ்வளவுதான்.

காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. பைப்புக்குள் காற்று நின்றால் பம்ப் கொடுக்கும் அமுக்கம் எல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், இன்ஜெக்டர் திறக்காது. இதை ஒரு மனிசன் பலகையில் கீறிக் காட்டியது எனக்கு 22 வயதில், அறிவியல் நகர் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில். அது 2016இல்தான் திறந்தது. வகுப்பு முடிந்ததும் பெரியப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ‘உதுக்குத்தானோ அவ்வளவு தூரம் போனனி’ என்றார்.

அங்கே என்னோடு படித்த ஒரு சிங்களப் பெடியன் காலிப் பக்கம். அவன் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும்போதே ‘வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்’ படித்துவிட்டு வந்திருந்தான். அப்படி ஒரு பாடம் நாட்டில் இருப்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கச்சேரியடி | வவுனியா | ஞாயிறு இரவு 9.41

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணி ஊற்றுகிறேன். நான் ஆசைப்பட்ட பாடத்தைத்தான் பட்டம் வரை படித்தவன். அதன் பிறகு நாலு வருசம் வேலையில்லாப் பட்டதாரி. கொட்டகை போட்டு இருந்தோம், மகஜர் கொடுத்தோம். இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தர். படித்ததற்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை, கோப்புக்கு நூல் கட்டுகிறேன். பாலைப்பழம் அக்கா, பிள்ளை எந்தப் பாடத்தில் ஏ எடுக்குமோ அதற்குக் கையெழுத்துப் போடுங்கள். குடியியலில் ஏ எடுப்பது லேசு. பிறகு எங்களுக்கு மாவட்டக் கோட்டாவும் இருக்கிறது.

அளவி | செட்டிகுளம் | ஞாயிறு இரவு 10.20

கச்சேரியடி எழுதியது: ‘எங்களுக்கு மாவட்டக் கோட்டாவும் இருக்கிறது’

இருக்கிறது தம்பி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ அந்தக் கோட்டா உதவ வேண்டும் என்றால் முதலில் நீ பயோவோ மெத்ஸோ படித்திருக்க வேண்டும். அவை இரண்டும் 1ஏபி வகைப் பாடசாலையில்தான். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 தரம் 11 ஓடு முடிந்துவிடும். உள்ளூர்க் கிராமத்துப் பிள்ளைக்கு 1ஏபி எத்தனை கிலோமீற்றர்? அந்தப் பாதையில் பின்னேரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

என் கதை கொஞ்சம் வேறு. எனக்கு ஆசைப்பட்ட பிரிவு கிடைத்தது. பயோ. பாதியில் இடம்பெயர்ந்தோம். 2009 ஓகஸ்டில் ஏ.எல். சோதனையை இங்கே செட்டிகுளத்து முகாமில் எழுதினேன். புத்தகம் யாரோ ஒருவருடையது, குறிப்பு இன்னொருவருடையது, கூடாரத்துக்குள் பகலில் இருக்க முடியாது, தகரம் போட்ட இடத்தில் அதைவிடச் சூடு. அதையெல்லாம் எழுதினால் இந்த இழை வேறு எங்கோ போய்விடும், விடுகிறேன்.

நான் சொல்ல வந்தது இரசாயனவியல். நியமிப்பு (titration) பற்றிக் கட்டுரை வினாவுக்கு அப்பழுக்கில்லாமல் விடை எழுதுவேன். அளவியை (burette) முதலில் கரைசலால் கழுவ வேண்டும், கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் கழுவ வேண்டும், பினோத்தலீன் இரண்டு துளி, நிலையான மென்சிவப்பு. எல்லாம் மனப்பாடம். அளவியைக் கண்ணால் கண்டதில்லை. குழாயியும் (pipette) அளவியும் ஒன்றா வேறா என்று படத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிவேன்.

இப்போது நான் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஒருவரும் இல்லாத பாடவேளையில் ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நியமிப்புச் செய்து பார்த்தேன். அளவியின் திருகியைத் திறந்து துளித்துளியாக விட்டேன். விழுந்த இடத்தில் சிவப்பு வரும், குடுவையைச் சுழற்றினால் மறையும், வரும், மறையும். பிறகு ஒரே ஒரு துளி. முழுக் குடுவையும் மென்சிவப்பாக நின்றுவிட்டது. எனக்கு அப்போது 27 வயது. கழுவ மனம் வராமல் பின்னேரம் வரை யன்னல் கட்டில் வைத்திருந்தேன்.

மல்லாவிக்காரி | திங்கள் காலை 6.15

அளவி அக்கா, காலையில் அழ வைத்துவிட்டீர்கள்.

எனக்குக் கிடைக்காத பாடத்துக்குப் பெயர் தெரியாது. காசுப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலியாணம் முடித்த புதிதில் ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்கடன் எடுத்தோம். எனக்கு 60,000. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வருகிறவர் நல்ல பெடியன், மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் விட்டுவிட்டுக் கொப்பியை விரிப்பார். வட்டி எவ்வளவு என்று கேட்டேன், வருசத்துக்கு 24 வீதம் என்றார். மாதம் 6,200, பன்னிரண்டு மாதம். நியாயமாகத்தான் தெரிந்தது. கோழிக் கூட்டுக்கு எடுத்த காசு, கோழி முட்டையிட முதலே தவணை தொடங்கிவிட்டது. நாலாம் மாதத்துக்குப் பிறகு காப்பு அடகுக்குப் போனது. 2018இல் சில மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை ஒரு இலட்சம் வரை தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்களே, அது கட்டாமல் நின்றவர்களுக்கு. நான் ஒழுங்காகக் கட்டியவள், எனக்கு வரவில்லை.

கடனையும் வட்டியையும் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் இருந்திருக்கலாம்.

கணக்குவாத்தி | கரைச்சி | திங்கள் இரவு 7.50

மல்லாவிப் பிள்ளை, குறைநினைக்க வேண்டாம். அந்தப் பாடம் இருந்தது, இருக்கிறது. தரம் 11 கணிதப் புத்தகத்தில். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, மாத அலகு முறை. ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் கடனையே போட்டுப் பார்ப்போம். 60,000ஐ 12 மாதத்தில் கட்டினால் மாதம் கட்டும் அசல் 5,000. முதல் மாதம் உங்கள் கையில் பன்னிரண்டு ஐயாயிரம் இருக்கிறது, அடுத்த மாதம் பதினொன்று, கடைசி மாதம் ஒன்றே ஒன்று. 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78 மாத அலகு. வருசத்துக்கு 24 வீதம் என்றால் மாதத்துக்கு 2 வீதம், 5,000க்கு 100 ரூபா. 78ஐ 100ஆல் பெருக்க வட்டி 7,800. மாதக் கட்டணம் 5,650 வந்திருக்க வேண்டும்.

உங்களிடம் வாங்கியது 6,200 படி 74,400. வட்டி 14,400. அதாவது நீங்கள் பதினொரு பங்கைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு 60,000க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். அந்த 14,400ஐ 78ஆல் பிரித்து, 5,000க்கு எத்தனை வீதம் என்று பாருங்கள். மாதம் 3.7 அளவில் வரும், வருசத்துக்கு 44 வீதத்துக்கு மேல். பெடியன் பொய் சொல்லவில்லை. எதற்கு 24 வீதம் என்பதைச் சொல்லவில்லை.

மல்லாவிக்காரி | திங்கள் இரவு 8.22

சேர், இப்போது கொப்பியில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. மாத அலகு எனக்கு நல்ல ஞாபகம். n தரம் n கூட்டல் ஒன்று, கீழே இரண்டு. பத்துப் புள்ளிக் கணக்கு, 2012இல் முழுப் புள்ளியும் எடுத்திருப்பேன், கணிதத்தில் எனக்கு பி. அந்தக் கணக்கு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் என் முற்றத்துக்கு வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கணக்குவாத்தி | திங்கள் இரவு 8.30

சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்வதில்லை. நவம்பருக்குள் பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்ற ஓட்டம். நாளைக்கு 11பி இல் உங்கள் கணக்கைப் பெயர் போடாமல் கொடுக்கலாமா?

மல்லாவிக்காரி | திங்கள் இரவு 8.31

கொடுங்கோ சேர். கோழியையும் போடுங்கோ.

முறிகண்டியான் | திங்கள் இரவு 8.44

ஆக, பாடம் புத்தகத்தில் இருக்கிறது, ஆசிரியர்மார்தான் இல்லை. இருக்கிறவர்களும் யாழ்ப்பாணத்துக்கு 1.40 பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். 1.20க்கே பையைத் தோளில் கொழுவியபடி படிப்பித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

விடிகாலைப் பஸ் | திங்கள் இரவு 9.35

அந்தப் பையைக் கொழுவிய ஆட்களில் நானும் ஒருத்தி. கொஞ்சம் கேளுங்கள்.

நான் எழும்புவது 3.30க்கு. சமைத்து, பிள்ளைக்குக் கட்டி வைத்துவிட்டு 5 மணி பஸ். பரந்தனில் இறங்கி இன்னொரு பஸ், அதன் பிறகு இரண்டு கிலோமீற்றர். மழைக்காலத்தில் அந்த இரண்டு கிலோமீற்றரை உழவு மெசினில் போனதும் உண்டு. 1.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது 3.15, வீட்டுக்குப் போக 6 மணி. வெளிமாவட்ட சேவை, ஆறு வருசம் முடிந்தது.

என் நியமனம் சங்கீதத்துக்கு. நான் போனபோது நேரசூசியில் எனக்குத் தந்தது தரம் 6க்குச் சுகாதாரம், தரம் 7க்குப் புவியியல், தரம் 8க்கு வரலாறு. சங்கீதம் கிழமைக்கு நாலு பாடவேளை, அதுவும் வாணி விழா நெருங்கினால் பத்தாகும். சுருதிப்பெட்டி ஒன்று இருந்தது, எலி வெட்டிவிட்டது. என் போனில் சுருதி போட்டுப் படிப்பித்தேன். ஓ.எல்.இல் சங்கீதம் எடுக்க ஆறு பிள்ளைகள் வந்தார்கள். ஆறு பேருக்காக ஒரு வகுப்பைப் பிரிக்க முடியாது என்று ஆறு பேரையும் சித்திரத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு பிள்ளை, தகப்பன் மரம் ஏறுகிறவர், மோகன வர்ணம் இரண்டு காலத்திலும் பாடுவாள். அவள் சித்திரத்தில் சி.

நான் எங்கே வேலை என்று கண்டுபிடிக்க முயற்சிக்க வேண்டாம். முறிகண்டித் தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது பஸ் நிலையத்தில் நிற்பவளிடம் வரக்கூடாது.

முறிகண்டியான் | திங்கள் இரவு 9.50

மன்னிக்க வேணும் ரீச்சர். புல்லுப் பிடுங்கியே வளர்ந்துவிட்டேன்.

புலம்பெயர் கிளி | லண்டன் | திங்கள் இரவு 11.58

இங்கே என் மகன் ஓ.எல். அளவுச் சோதனைக்கு எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று புகைப்படக்கலை. பாடசாலையே கமரா கொடுக்கிறது. அவன் என்ன படம் எடுக்கிறான் என்று பார்த்தேன்: எங்கள் வீட்டுக் குசினி, இடியப்ப உரல், நான் வேலை முடிந்து வந்து கதிரையில் நித்திரை. நான் தரம் 10இல் மீன்பிடிப் பாடம் கேட்டு அடி வாங்கினவன். ‘கடலுக்குப் போறதுக்கு உனக்குப் பள்ளிக்கூடம் ஏன்’ என்று கேட்டுவிட்டு அடித்தார் ஒருவர். நாயாற்றில் கரைவலை இழுத்த குடும்பம் எங்களது. சோளகக் காற்று எப்போது விழும், வாடைக் காற்று எப்போது திரும்பும் என்று அப்பருக்கு மூக்கால் தெரியும். மீனை எப்படிப் பழுதாகாமல் கொழும்புக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்த முதலாளிதான் மாடி கட்டினார்.

பழைய வாத்தி | முத்தையன்கட்டு | செவ்வாய் காலை 5.40

இளையவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1972 சீர்திருத்தத்தில் ஓ.எல்.ஐ எடுத்துவிட்டு என்.சி.ஜி.ஈ., அதாவது தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ், என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் தொழில்முன்னிலைப் பாடம் என்று இருந்தது. அந்தந்த ஊர்த் தொழிலை அந்தந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும் என்ற நினைப்பு. கடற்கரையில் மீன்பிடி, வயல்பக்கம் விவசாயம். நான் அதில் படித்தவன். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை, ‘மண் கிண்டவா பள்ளிக்கூடம்’ என்றார்கள். 1977இல் ஆட்சி மாறியதோடு அது போய்விட்டது. லண்டன் தம்பிக்கு அடித்தவரின் கேள்வியும் அந்தக் காலத்துக் கேள்விதான்.

பிறகு நானே முப்பத்திரண்டு வருசம் விவசாயம் படிப்பித்தேன். பாலைப்பழம் பிள்ளை, விவசாயத்துக்குச் சரி போட்டிருக்கிறது என்று சலிக்காதீர்கள். அந்தப் பாடத்தில் உணவுத் தொழினுட்பமும் இருக்கிறது, மண்ணும் நீரும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இரணைமடுவுக்குப் பக்கத்தில் பிறந்து, கனகராயன் ஆறு எங்கே தொடங்கி எப்படிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது என்று தெரியாமல் ஏ எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் தரம் 10 பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போவேன். துலுசுக் கதவை (மதகை) எத்தனை அங்குலம் திறந்தால் வாய்க்காலில் எவ்வளவு வரும் என்று மிதவை விட்டு அளப்போம். பப்பாசிக் காய்தான் மிதவை. முக்கால்வாசி அமிழ்ந்து மிதக்கும், காற்றுத் தள்ளாது. பத்து மீற்றர் கயிறு, ஒரு மணிக்கூடு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான் கதவு திறந்து ஊர் மூழ்கியபோது, ஆளுக்கொரு கதை பரவியது. அப்போது என் பழைய மாணவன் ஒருவன் நீர்மட்டக் கணக்கை எழுதி எனக்கு அனுப்பினான். பப்பாசிக் காய் பலன் தந்தது.

புளியங்குளம் சந்தி | செவ்வாய் மாலை 6.20

எனக்குத் தொல்லியல். சமூகக்கல்வியும் வரலாறும் சேர்ந்த காலத்தில் படித்தவன் நான். அநுராதபுரத்து மன்னர் வரிசை ஒப்புவிப்பேன். ஆனால் எங்கள் பெரியபுளியங்குளத்துக் குகைக் கல்வெட்டில் ‘தமேட வணிஜ கஹபதி விசாக’ என்று, விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயர் பிராமி எழுத்தில் இருக்கிறது என்பதை முப்பது வயதில்தான் அறிந்தேன். பிராகிருத மொழி. இரண்டாயிரம் வருசத்துக்கு மேல் பழையது. நான் மாடு மேய்த்த பக்கம்.

கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படைக் கப்டன் வொன் ட்ரிபேர்க் தோற்கடித்த இடம் என்று நட்ட கல்லும் அப்படித்தான். சின்னதில் அதில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பாலைப்பழம் பொறுக்கினோம். இப்போது குருந்தூர்மலைத் தொல்லியல் இடம் பற்றி ஆளுக்காள் முகநூலில் சண்டை. கல்லை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் அந்தச் சண்டையில் இருக்கிறார்கள்?

தரம் 13 | ஒட்டுசுட்டான் | செவ்வாய் இரவு 8.05

நான்தான் இந்த இழையில் ஆகச் சின்னவள் என்று நினைக்கிறேன். உளவியல் படிக்க ஆசை. ஏ.எல்.இல் அப்படி ஒரு பாடமே இல்லை. அளவையியல் (தர்க்கம்) இருக்கிறது, எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. ஏன் உளவியல் என்று கேட்டால், என் மாமா வீட்டில் இரவில் ஒருவரும் கதவைப் பலமாகச் சாத்தக்கூடாது. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. எங்களுக்கு ஒரு பாடம் மட்டும் ஒழுங்காக, ஆள் தவறாமல் நடந்தது, புத்தகத்திலேயே இல்லாத பாடம். மிதிவெடி அபாயக் கல்வி. சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், தெரியாத இரும்பைத் தொடாதே, வந்த அடித்தடத்திலேயே திரும்பிப் போ. ஒரு அக்கா வந்து பாட்டாகவே சொல்லித் தருவா. தரம் 2இல் படித்தது, ஒரு சொல் மறக்கவில்லை. அந்த மாதிரி மற்றதையும் படிப்பித்திருந்தால் நான் இப்போது ரியூசனுக்கு ஓடத் தேவையில்லை.

கச்சேரியடி | வவுனியா | செவ்வாய் இரவு 8.40

தங்கச்சி, உளவியலைப் பட்டப்படிப்பில் எடுக்கலாம், விடாதே. நான் முந்தாநாள் எழுதியதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கோப்புக்கு நூல் கட்டிய அலுப்பு.

சரி, எனக்கும் ஒன்று இருக்கிறது. சிங்களம். தரம் 6 முதல் 9 வரை நேரசூசியில் இரண்டாம் மொழி இருந்தது, ஆள் இருக்கவில்லை. காணி விசயமாக எங்கள் வீட்டுக்கு ஓர் அலுவலகத்தில் இருந்து முழுக்கச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. 1987இல் இருந்து தமிழும் அரசகரும மொழிதான், அது சட்டத்தில். அம்மா கடிதத்தை வெதுப்பகத்துச் சிங்கள அண்ணரிடம் கொண்டுபோனார். அவர் பாண் கட்டும் கையைத் துடைத்துவிட்டு வாசித்துச் சொன்னார்: மூலப் பத்திரத்தோடு 14ஆம் திகதி வரட்டாம். அன்றைக்கு 17.

பாலைப்பழம் | மாங்குளம் | வியாழன் இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. ஒரு செய்தி சொல்ல வந்தேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் போனேன். அதிபர் நல்ல மனிசன், கதிரை தந்து கதைத்தார். ஊடகக் கற்கைக்கு வழியே இல்லை, கேட்டுக் களைத்துவிட்டேன் என்று வலயத்துக்கு எழுதிய கடிதங்களின் பிரதியைக் காட்டினார். ஆறு கடிதம், எண் போட்டுக் கோவைப்படுத்தியிருந்தார். பிறகு பேச்சோடு பேச்சாக, புதிதாக வந்த தமிழ் ஆசிரியை பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவ என்றார். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அப்படியென்றால் இரண்டாம் தொகுதியில் நாடகம் வைக்கலாமே என்றேன். விடிகாலைப் பஸ் ரீச்சர் சொன்ன அதே பதில்தான் வந்தது: நாலைந்து பிள்ளைக்கு வகுப்புப் பிரிக்க ஏலாது. ஆனால் பதினைந்து பெயர் வந்தால் நேரசூசியில் பார்க்கலாம், திங்கள் கடைசி நாள் என்றார்.

மகளிடம் சொன்னேன். ‘நான் கேட்டது ஊடகம், நாடகம் உங்களுக்குத்தானே விருப்பம்’ என்றாள். உண்மைதான். ஒன்றும் பேசாமல் இருந்தேன். இரவு கொஞ்ச நேரம் கழித்து வந்து, நாடகத்தைப் போனில் படம் பிடிக்க விடுவார்களா என்று கேட்டாள். இன்று ஒரு ஒற்றைத் தாளோடு வகுப்பு முழுக்கத் திரிந்து பதினொரு பெயர் சேர்த்திருக்கிறாள். அதில் ஒன்று தரம் 8 பிள்ளையின் பெயர், அதை வெட்டிவிட்டோம். பத்து.

பழைய வாத்தி சேர், விவசாயத்தில் கை வைக்கவில்லை, சரி அப்படியே இருக்கிறது. உங்களுக்கு வசதிப்படும் ஒரு சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்து குளக்கட்டில் அந்தப் பப்பாசிக் காய் விட்டுக் காட்டுவீர்களா? பத்து மீற்றர் கயிறு எங்களிடம் இருக்கிறது. சித்திரத்துக்கு நேரே இருந்த சரியை வெள்ளை மையால் அழித்திருக்கிறேன், இன்னும் காயவில்லை.

பழைய வாத்தி | முத்தையன்கட்டு | வெள்ளி காலை 5.25

வருகிறேன். ஒட்டுசுட்டான் பாதையால் காலை பஸ் 7 மணிக்கு. பப்பாசிக் காய் நான் கொண்டுவருவேன், உங்கள் பக்கத்துக் காயை நம்ப ஏலாது.

முறிகண்டியான் | வெள்ளி காலை 7.02

ஐந்து பேர்தானே குறைவு. என் தங்கச்சியின் மகன் மாங்குளத்தில்தான் படிக்கிறான், அதே தரம். உங்கள் மகளின் பள்ளிக்கூடம்தானோ தெரியாது, கேட்டுச் சொல்கிறேன். அவனுக்கு வாய் கொஞ்சம் கூட, நாடகத்துக்குத் தோதான பெடியன். இப்போதைக்குப் பென்சிலால் ஒரு பெயர் எழுதி வையுங்கோ.